இருபத்தொரு நாள் அறிவிப்பு

கதவைச் சரியாகச் சாத்திவிட்டு வந்தீர்களா, தம்பி? வீட்டுக் கதவைச் சொல்லவில்லை. லிஃப்ட் கதவை. உள்ளே ஒரு கம்பிக் கதவு, வெளியே ஒரு கதவு, இரண்டையும் இழுத்துச் சாத்த வேண்டும். அரை விரல் இடைவெளி இருந்தால்கூட உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், 'தயவுசெய்து கதவை மூடவும், தயவுசெய்து கதவை மூடவும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் நகராது. சாத்தினீர்களா? நல்லது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள்.

கொரட்டூரிலிருந்து வருகிறீர்கள். உங்கள் குடியிருப்பில் முப்பது வீடு, அதில் ஏழு வீட்டுக்காரர்கள் பராமரிப்புச் சந்தா கட்டுவதில்லை, நீங்கள் பொருளாளர், சட்டப்படி வசூலிக்க வழி கேட்டு வந்திருக்கிறீர்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் பாக்கிதாரர் மேல் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, ஜப்தி செய்யக் கோர்ட் அமீனாவை வீட்டுக்குள் அழைத்துப் போன முதல் சங்கம் எங்களுடையது. அழைத்துப் போனவன் நான். வக்கீல் குலோத்துங்கன் சொல்லித்தானே வந்தீர்கள்? அந்த மனிதர் இன்னும் என்னை நினைவில் வைத்திருக்கிறார், பாருங்கள்.

தேநீர் கொடுக்க முடியவில்லை. மங்கையர்க்கரசி கீழே இருக்கிறாள். என் மனைவி. வரும்போது பார்த்திருப்பீர்கள், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நீல நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. சிரித்தாளா? எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாள் இப்போது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை. தொண்ணூற்றாறில் என்னையும் பதினொரு பேரையும் வேலைநீக்கம் செய்தார்கள். பதினொரு பேரும் நிர்வாகத்தோடு பேசி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பன்னிரண்டு வருஷம் வழக்கு நடத்தி வாங்கினேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. பேருந்து நிலையத்தில் கையில் திணிப்பார்களே, நீங்கள் வாங்கி அடுத்த தொட்டியில் போடுவீர்களே, அவற்றில்தான். முதலில் படித்தேன், பிறகு எழுதினேன். அறுபத்து மூன்று எழுதியிருக்கிறேன். அந்தப் பீரோவில் இருக்கின்றன. திறந்து காட்டலாம், ஆனால் தூசியாக இருக்கிறது என்கிறாள். கண் தெரிந்த பிறகு அவளுக்குத் தூசியாகத் தெரிகிறது.

ஜப்தியைப் பற்றியே ஒன்று எழுதியிருக்கிறேன். கூட்டுறவுக் கடனுக்காக நெசவாளர் வீடுகளில் புகுந்து சாமான்களை அள்ளிக்கொண்டிருந்த காலம். சமையல் பாத்திரத்தை எடுக்கக் கூடாது, உடுத்தும் துணியை எடுக்கக் கூடாது, படுக்கையை எடுக்கக் கூடாது, தாலியை எடுக்கக் கூடாது, தொழில் செய்யும் கருவியை எடுக்கக் கூடாது. சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு அறுபது. வீட்டு வாசலில் நின்று உரக்கப் படிப்பேன். அமீனாக்கள் என்னைப் பார்த்தாலே கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த நான்தான் இந்தச் சங்கத்தை உண்டாக்கினேன். வழக்கில் வந்த பணத்தில் இந்த வீட்டை வாங்கினோம். தரைத்தளம் சேர்த்து நாலு தளம், தளத்துக்கு நாலு வீடு, மொத்தம் பதினாறு, ஒரு லிஃப்ட். கட்டியவன் தண்ணீர் இணைப்பு கொடுக்காமல் ஓடப் பார்த்தான். பதினாறு குடும்பத்தையும் அழைத்துப்போய் அவன் அலுவலகத்துக்கு முன்னால் குடத்தோடு உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் இணைப்பு வந்தது. அப்புறம் சங்கத்தைப் பதிவு செய்தோம். துணைவிதி நாற்பத்தொன்று. வக்கீல் எழுதவில்லை, நான் எழுதினேன், இந்த மேசையில், தமிழில், கையால். பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிப் பார்த்த அம்மா, 'யார் சார் டிராஃப்ட் பண்ணது?' என்று கேட்டார். 

உங்களுக்கு வேண்டியது மூன்று விதிகள்தான். குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விதி: கிரயப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே உறுப்பினர். கட்டியவன் விற்காத வீடுகளில் தன் டிரைவர்களைக் குடிவைத்து ஓட்டுப் போட அனுப்பினான், அதைத் தடுக்க எழுதினேன். ஒன்பதாவது: பொதுக்குழு கூட்ட இருபத்தொரு நாள் அறிவிப்பு. பதினேழாவது: எந்தக் குறையைக் காரணம் காட்டியும் எந்த உறுப்பினரும் சந்தாவை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வட்டியோடு நீதிமன்றத்தின் மூலம் வசூலிக்கப்படும். எந்தக் குறையைக் காரணம் காட்டியும். இந்தச் சொற்களை விடாதீர்கள். இவை இருந்ததால்தான் ஜெயித்தோம்.

யாரை என்றா கேட்கிறீர்கள்? ஜோதிலிங்கத்தை. தரைத்தளம், முதல் வீடு. பாத்திரக் கடை வைத்திருக்கிறான். 'நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்ல. மாடிக்காரன் ஏறி இறங்குறதுக்கு நான் ஏன் தண்டம் அழணும்?' என்று நிறுத்திவிட்டான். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். எல்லாத் துரோகமும் முதலில் நியாயம் போலத்தான் இருக்கும். நான் கேட்டேன், 'உன் வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை என்று பள்ளிக்கூட வரி கட்டாமல் இருப்பாயா?' 'எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, தலைவரே' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவான். மரியாதை இல்லை அது, கிண்டல்.

முதலில் நினைவூட்டுக் கடிதம். பிறகு பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ், ஒப்புகை அட்டையோடு. அப்புறம் முன்சீப் கோர்ட்டில் பண வசூல் வழக்கு. பதினெட்டு வாய்தா. அத்தனைக்கும் நான் போனேன். தீர்ப்பு வந்தும் கட்டவில்லை. நிறைவேற்று மனு போட்டு, ஜப்தி உத்தரவு வாங்கி, அமீனாவோடு அவன் வீட்டு வாசலில் நின்றேன். டிவியையும் ஃபிரிட்ஜையும் பட்டியலில் எழுதினார்கள். அவன் பெண்டாட்டி ஓடிவந்து ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, டிவியும் ஃபிரிட்ஜும் ஆட்டோவில் ஏறுகிற வரைக்கும் நின்றாள். நான் தடுக்கவில்லையே? பாத்திரத்தை எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மாவு பொங்கிக் கையில் வழிந்தது. அன்று மாலை அறிவிப்புப் பலகையில் 'விதி வென்றது' என்று எழுதி ஒட்டினேன். மங்கையர்க்கரசி மட்டும், 'அந்தப் பொண்ணு மாவை எங்க கொண்டுபோய் வெச்சாளோ' என்றாள். அவளுக்கு எதிலும் அடிப்படைப் பிரச்சினை பிடிபடாது.

நான் பத்து வருஷம் செயலாளர். அதற்குப் பிறகு யுவராஜ் என்று ஒரு பையன் வந்தான். பையன் என்றால் நாற்பது வயது, கணினிக் கம்பெனி. என்னை அங்கிள் என்பான். 'நான் உன் அங்கிள் இல்லை. தோழர் என்று வாய் வராவிட்டால் ஐயா என்று சொல்' என்றேன். 'சரி அங்கிள்' என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஏற்கெனவே பழசு. வந்து பார்த்த கம்பெனிக்காரன், இதைப் பழுது பார்ப்பதில் பயனில்லை, புதிதாகத்தான் போட வேண்டும் என்று கையை விரித்துவிட்டான். அதே மாதம்தான் மங்கையர்க்கரசி குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு. அறுவை செய்து அனுப்பினார்கள். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள், படி இறங்கக் கூடாது, ஏறக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்கள். இதோ, கால் சரியில்லை என்றேனே, அந்த நாற்காலிதான். ஒவ்வொரு தளத்திலும் கதவைத் திறந்து ஆட்கள் பார்த்தார்கள். மேலே வந்ததும் சொன்னாள், 'இனிமே என்னை இப்படித் தூக்காதீங்க. பொணத்தைத் தூக்குற மாதிரி இருக்கு. லிஃப்ட் வரட்டும், இறங்கறேன்.'

இரண்டு கண்ணிலும் புரை வேறு. கண் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். லிஃப்ட் வரட்டும் என்றாள். இன்னொரு தேதி கொடுத்தார்கள். லிஃப்ட் வரட்டும். மூன்றாவது தேதியின்போது அவளுக்கு என் முகமே நிழலாகத்தான் தெரிந்தது. அரிசியில் கல் பொறுக்குவதைக் கையால் தடவித்தான் செய்தாள்.

லிஃப்ட் ஏன் வரவில்லை என்கிறீர்கள். சொல்கிறேன். யுவராஜ் பொதுக்குழு கூட்டினான். புது லிஃப்டுக்கு வீட்டுக்கு அறுபத்தைந்தாயிரம் என்று தீர்மானம் போட்டான். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'அறிவிப்பு என்று கொடுத்தீர்கள்?' பதினான்கு நாள்தான் ஆகியிருந்தது. பதினான்கு, தம்பி! இருபத்தொன்று வேண்டும். 'அங்கிள், உங்க வீட்டு ஆன்ட்டிக்காகத்தான் அவசரமா கூட்டினோம்' என்றான். அதுதான் ஆபத்து. ஒரு ஆளுக்காக விதியை வளைத்தால் நாளைக்கு யாருக்காகவும் வளைக்கலாம். இந்தக் கூட்டமே செல்லாது, இந்த வசூலே செல்லாது, நான் ஒரு காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பணம் இல்லாமல் இல்லை. வங்கியில் இருந்தது. அது வேறு விஷயம்.

உண்மையில் நான் தனியாள் இல்லை. அன்று மாலையே என் போராட்டத்துக்கு ஆதரவு வந்துவிட்டது. ஜோதிலிங்கம் படியேறி வந்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. 'தலைவரே, இந்த வாட்டி நீங்கதான் நம்ம கட்சி' என்றான். அவனோடு இன்னும் மூன்று பேரும் கட்டமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஜப்தி செய்தவனோடு ஜப்தி செய்யப்பட்டவன் கைகோக்கிறான் என்றால் அதற்குக் கோரிக்கையின் நியாயம்தானே காரணம்? என்னுடைய அறுபத்திரண்டாவது துண்டறிக்கை அதைப் பற்றித்தான். மங்கையர்க்கரசி பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள், 'நாலு பேரும் கீழ்வீட்டுக்காரங்கதானே?' ஆமாம் என்றேன். உரித்த பழத்தைத் தின்றாள்.

கட்டிய பதினோரு பேருக்கும் ஆத்திரம். எல்லா வீடும் கட்டுகிற வரைக்கும் லிஃப்ட் கம்பெனிக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று அடுத்த தீர்மானம் போட்டார்கள். அதையும் பதினான்கு நாள் அறிவிப்பில். பிறகு எங்கள் ஐந்து வீட்டின் மீதும் வழக்கு. என் பதினேழாவது விதியை வைத்து, என்னுடைய வக்கீல் குலோத்துங்கனையே வைத்து. அவர் எனக்குப் போன் செய்தார். 'வந்து சொல்லுங்க சார், அறிவிப்புக் குறைவுன்னு எழுத்துல கொடுங்க, ஜட்ஜ் கேப்பாரு.' நான் சொன்னேன், செல்லாத கூட்டத்தின் பேரில் வந்த வழக்கில் நான் ஆஜரானால் அந்தக் கூட்டத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சம்மன் வந்தது. நான் வாங்கவில்லை. எங்கள் தொழிலாளர் இயக்கத்தில் முதல் பாடமே அதுதான். குற்றப் பத்திரிகை கொடுத்தால் வாங்காதே, கையெழுத்துப் போடாதே. ஆலையில் எத்தனை விசாரணையை அப்படி முடக்கியிருக்கிறோம்! வந்தவன் கதவில் ஒட்டிவிட்டுப் போனான். நான் கிழித்துப் போட்டேன். இரண்டாம் தடவையும் ஒட்டினான், கிழித்தேன். ஒட்டுகிறபோது அவன் ஏதோ பெயர் கேட்டான். 'இந்த வீட்டில் யார் பெயருக்கும் எதுவும் வாங்கப்படாது' என்றேன்.

நடுவில் ஜோதிலிங்கம் வந்தான். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி நாலு பேரும் தவணையில் கட்டிவிட்டார்களாம். 'மன்னிச்சுக்கோங்க தலைவரே. எனக்கு இருக்கிறது ஒரே ஃபிரிட்ஜு' என்றான். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, 'அக்கா எப்படி இருக்காங்க?' என்று கேட்டான். பேச்சை மாற்றுகிறான் பாருங்கள்.

ஆக நான் மட்டும் நின்றேன். தொண்ணூற்றாறில் நின்ற மாதிரியே. பதினைந்து வீடு கட்டியாயிற்று, ஒரு வீட்டுக்காக லிஃப்ட் நிற்கிறது என்று படியில் போகிறவர்கள் என் காதில் விழும்படி பேசினார்கள். எங்கள் தளத்துக்காரர்கள் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு என் வாசலில் நின்று இளைப்பாறுவார்கள். வேண்டுமென்றே. மங்கையர்க்கரசி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். என்ன தெரியும் அவளுக்கு? வெளிச்சம் தெரியும். கீழே பெண்கள் பேசுவது கேட்கும். யாராவது சிரித்தால், எதற்கு என்று தெரியாமல் இவளும் சிரிப்பாள்.

போன வருஷம் சித்திரையில் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. அமீனா வந்தார். பெரிய உடம்பு, மூன்று மாடி ஏறியதில் சட்டை நனைந்துவிட்டது. பின்னால் யுவராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு. நான் தயாராக இருந்தேன். சட்டைப் பையில் பிரிவு அறுபது, பெரிய எழுத்தில். எவ்வளவு வருஷமாயிற்று அப்படி நின்று! அமீனா உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு உத்தரவைப் பிரித்தார்.

'மங்கையர்க்கரசி யாருங்க?'

'நான்தான் பிரதிவாதி' என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'சார், நீங்க மங்கையர்க்கரசியா?'

யுவராஜ் மெதுவாகச் சொன்னான். 'பத்திரம் ஆன்ட்டி பேர்ல இருக்கு, அங்கிள். கேஸ் போடும்போதுதான் பார்த்தோம். ஆன்ட்டிதான் மெம்பர்.'

உண்மைதான். தொண்ணூற்றாறிலிருந்து என் மேல் எத்தனையோ வழக்கு. என் பெயரில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. சொத்து இருந்தால்தானே ஜப்தி செய்வார்கள்? தோழர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். வீட்டை அவள் பெயரில் பதிந்தேன், வங்கிப் பணமும் அவள் பெயரில்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மையைச் சேலையில் துடைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. நான் பத்து வருஷம் செயலாளராக இருந்தேன். மூன்றாவது விதிப்படி நான் உறுப்பினரே இல்லை. யுவராஜ் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். 'யாரது, என் பேரைச் சொல்றது?'

அமீனா எழுந்து நின்றார். 'கோர்ட்டுல இருந்து வர்றேம்மா. உங்க மேல ஒரு தீர்ப்பு இருக்கு. எக்ஸ்பார்ட்டி. நீங்க வரல, அதனால ஒருதலையா ஆயிடுச்சு.'

'நான் வரலயா?'

'மூணு தடவை கூப்பிட்டிருப்பாங்கம்மா. வாசல்ல நின்னு டவாலி சத்தமா கூப்பிடுவாரு. அதான் வழக்கம்.'

'மங்கையர்க்கரசின்னா?'

'ஆமாம்மா. மூணு தடவை.'

அவள் சுவரைப் பிடித்தபடியே சொன்னாள், 'கண்ணுதாங்க எனக்குச் சரியில்ல. காது நல்லாத்தான் இருக்கு. யாரும் சொல்லலையே.'

நான் பிரிவு அறுபதைப் படிக்க ஆரம்பித்தேன். என்ன செய்வது, வேறு எதற்கும் நான் தயாராக இல்லை. சமையல் பாத்திரங்கள், உடுத்தும் துணிகள் என்று சொல்லிக்கொண்டே போனேன். யாரும் கேட்கவில்லை. அவள் யுவராஜைப் பார்த்து, அவன் இருந்த திசையைப் பார்த்து, கேட்டாள்.

'தம்பி, எவ்வளவு கட்டணும்?'

'அறுபத்தஞ்சு ஆன்ட்டி, அப்புறம் வட்டி, கோர்ட் செலவு...'

'பாங்க் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?'

'நாலு மணி.'

'நாற்காலியை எடு. கீழ யாராவது இருந்தா கூப்பிடு.'

நான் சொன்னேன், 'மங்கை, நீ பிணம் மாதிரி தூக்க வேண்டாம் என்றாயே.' அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள், 'ஏங்க, மூணு தடவை கூப்பிட்டாங்களாம். இப்படித் தூக்கிட்டுப் போயிருந்தா அன்னிக்கே போயிருப்பேன்.'

நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் பாஸ்புத்தகம். யுவராஜ் ஒரு கால், கீழேயிருந்து வந்த காவலாளி ஒரு கால். அமீனா, 'எனக்கு இதெல்லாம் வேலையில்ல சார்' என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு காலைப் பிடித்தார். நாலாவது காலுக்கு ஆள் வேண்டும். யுவராஜ் என்னைப் பார்த்தான். அமீனாவும் பார்த்தார். நான் பிடித்திருக்கலாம். ஆனால் தம்பி, யோசித்துப் பாருங்கள், அந்தக் காலை நான் பிடித்தால் என்ன பொருள்? செல்லாத கூட்டம், செல்லாத வசூல், ஒருதலைத் தீர்ப்பு, மூன்றையும் நானே தூக்கிக்கொண்டு போய்க் கட்டுவதாக ஆகாதா? கையில் காகிதத்தோடு நின்றேன். ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் சத்தம் கேட்டுக் கீழேயிருந்து ஜோதிலிங்கம் ஏறி வந்துவிட்டான். 'நகருங்க தலைவரே' என்றான்.

நாலாவது காலை அவன்தான் பிடித்தான். இரண்டாவது தளத் திருப்பத்தில் சுவரில் இடித்து அந்தக் கால் ஆட்டம் கண்டுவிட்டது. அவன் தோளைக் கொடுத்துத் தாங்கியதாகச் சொன்னார்கள். நான் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'மெதுவா, அக்கா பயப்படாதீங்க, மெதுவா' என்று அவன் குரல் கீழே கீழே போயிற்று.

அன்றே கட்டிவிட்டாள். எழுபத்தெட்டு நாளில் புது லிஃப்ட் வந்தது. இரண்டு கண்ணுக்கும் அறுவை ஆயிற்று. இப்போது பொதுக்குழுவுக்கு அவள்தான் போகிறாள், கை தூக்குகிறாள். எதற்குத் தூக்கினாய் என்று கேட்டால், 'குப்பை வண்டிக்கு' என்கிறாள். ஜோதிலிங்கத்தின் பெண்டாட்டிதான் அவளுக்கு ரொம்ப நெருக்கம். அந்த அம்மா மாவு அரைத்தால் இங்கே ஒரு கிண்ணம் வந்துவிடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, நான் சாப்பிடுகிறேன். மாவுக்கும் கொள்கைக்கும் சம்பந்தமில்லை.

நான் லிஃப்டில் ஏறுவதில்லை. எப்படி ஏறுவேன்? பதினான்கு நாள் அறிவிப்பில் வந்த லிஃப்ட் அது. படியில்தான் போய் வந்துகொண்டிருந்தேன். மாசியில் நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை லிஃப்டில்தான் இறக்கினார்களாம். எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் செய்தது ஒப்புதல் ஆகாது. இதயத்தில் ஸ்டென்ட் என்று ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது படியில் ஏறினேன், ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து. அவள் லிஃப்டில் வந்து மேலே கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.  டாக்டர்தான் சொன்னார், இனிமேல் படியில் கால் வைத்தால் என்னிடம் வராதே என்று.

ஆக, ஐந்து மாதமாக இங்கேதான். அந்த ஜன்னலோரம் அவள் உட்கார்ந்த இடம். நல்ல இடம்தான். கீழே பேசுவது எல்லாம் கேட்கிறது.

ஒரு உதவி செய்ய வேண்டும் நீங்கள். இந்தக் காகிதத்தைப் பாருங்கள். அறுபத்து மூன்றாவது. அச்சடிக்கவில்லை, ஒரே பிரதி. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தொரு நாள் முறையான அறிவிப்போடு ஒரு பொதுக்குழு கூட்ட வேண்டும், லிஃப்ட் வசூலை அதில் ஒரு தடவை நிறைவேற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலை. யாரும் எதிர்க்கப் போவதில்லை. அது நடந்துவிட்டால் இந்த லிஃப்ட் செல்லும். செல்லும் என்றால் நான் ஏறலாம்.

ஆனால் இதைக் கொடுக்க உறுப்பினர் கையெழுத்து வேண்டும். நான் உறுப்பினர் இல்லை. அவளிடம் மூன்று தடவை நீட்டினேன். 'நீங்க ஏறுறதுக்காகப் பதினாறு வீடும் கூடி அதே லிஃப்டை மறுபடி வாங்கணுமா?' என்கிறாள். தினமும் சாயங்காலம் கீழேயிருந்து போன் செய்கிறாள். 'லிஃப்டை மேல அனுப்பறேங்க. கதவைத் தொறந்து உள்ள வந்து சைபரை அமுக்குங்க. அவ்வளவுதான்.' லிஃப்ட் வருகிறது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. விளக்குக்கூடக் கதவிடுக்கில் தெரிகிறது. கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்புறம் யாரோ கூப்பிட, கீழே போய்விடுகிறது.

நீங்கள் படித்தவர், வெளியாள். நீங்கள் கொடுத்தால் போடக்கூடும். நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். என் கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்தான். இருந்தாலும் சொல்ல வேண்டாம்.

உங்கள் ஏழு பேருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். அனுப்பும் முன் ஏழு பத்திரத்தையும் வாங்கிப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது என்று. பெயருக்கு உரியவரைப் பார்த்து ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

கிளம்புகிறீர்களா? சரி. மணி ஐந்தாகப் போகிறது, அவள் மேலே வருகிற நேரம். தம்பி, கீழே இறங்கினதும் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்துங்கள். முதலில் கம்பிக் கதவு, அப்புறம் வெளிக்கதவு. நீங்கள் பாட்டுக்குப் பேச்சில் விட்டுவிட்டால் லிஃப்ட் நகராது. அவள் ஏறி வர முடியாது. நான் இறங்கி வந்து சாத்தவும் முடியாது.